இசைத்தட்டும் ஊசியும்

வாயினின்று பிறந்த ஒலி காற்றிலே கலந்து அக்கணமே மறைந்துவிடுவது. அதனைப் பிடித்து வைத்து, வேண்டியபோது மீண்டும் கேட்கலாம் என்பது நெடுங்காலம் மனிதனுக்கு வெறுங் கனவாகவே இருந்தது. அக்கனவை நனவாக்கிய சாதனங்களுள் இசைத்தட்டு தலைசிறந்தது. ஆயினும் இசைத்தட்டின் வரலாற்றை எடுத்துரைப்போர் பாடியவரைப் பற்றிப் பேசுவர். கருவியைக் கண்டுபிடித்தவரைப் பற்றிப் பேசுவர். தட்டின்மேல் ஊர்ந்து செல்லும் ஊசியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

பன்னிரண்டு அங்குலத் தட்டொன்றின் ஒரு பக்கம் ஏறக்குறைய 22 நிமிடம் ஒலிப்பதாயின், அதிலே சுருண்டு கிடக்கும் தவாளிப்பை நீட்டினால் அது அரைக் கிலோமீற்றர் வரை நீளும். அந்நெடுவழி முழுவதையும் கண்ணுக்குத் தெரியாத சிறு முனையொன்று தொட்டுத் தடவிச் செல்கின்றது. ஊசி இல்லையெனில் தட்டு ஊமை. அதே வேளையில், தட்டைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பதும் அவ்வூசியே. பேச வைப்பதும் அழிப்பதும் ஒன்றேயாக இருக்கும் இந்த முரண்பாட்டை வெல்ல மனிதர் செய்த முயற்சியே ஊசியின் வரலாறு ஆகும்.

ஒலியைக் கோடாக வரைந்த முதல் மனிதர் பிரான்ஸ் தேசத்து லியோன் ஸ்கொட் என்பவர். 1857-ஆம் ஆண்டில் அவர் பதிவு செய்த கருவி, புகைக்கரி பூசிய தாளிலே ஒலியின் அதிர்வைக் கோடாகக் கீறியது. கண்ணால் பார்ப்பதற்கே அக்கோடு. காதால் கேட்பதற்கு வழியில்லை. இருபது ஆண்டுகளின் பின், 1877-இல், அமெரிக்கரான தோமஸ் எடிசன் வெள்ளீயத்தகடு சுற்றிய உருளையிலே ஊசியால் ஒலியைப் பதித்து, அதே தடத்தில் மீண்டும் ஊசியைச் செலுத்திப் பேச வைத்தார். அவர் கருவியில் ஊசி மேலுங் கீழுமாக அசைந்தது. பள்ளத்தின் ஆழமே ஒலியாயிற்று. ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய எமில் பேர்லினர், 1887-இல் வேறொரு வழியைக் காட்டினார். அவர் கருவியில் ஊசி இடமும் வலமுமாக அசைந்தது. உருளைக்குப் பதிலாகத் தட்டையே அவர் கைக்கொண்டார். ஓர் அச்சிலிருந்து ஆயிரக் கணக்கான தட்டுக்களை அழுத்தி எடுக்க முடிந்தமையால், உலகின் வீடுகளுக்குள் புகுந்தது பேர்லினரின் தட்டே.

அக்காலத் தட்டுக்கள் அரக்கினாற் செய்யப்பட்டன. இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளைகளிற் சுரக்கும் பிசினே அதன் மூலப்பொருள். அதனோடு கல்மாவும் கரியும் பஞ்சிழையும் கலக்கப்பட்டன. கல்மா கலந்தமைக்கு வலிமை மட்டுமே காரணமன்று. மலிவான உருக்கு ஊசி செப்பமான வடிவில் வார்க்கப்படுவதன்று. தட்டின் முதற் சில சுற்றுக்களிலே அரம் போன்ற தட்டு அதனைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ற உருவாக்கிவிடும். ஊசி தட்டுக்குப் பொருந்தும்படி தட்டே ஊசியைச் செதுக்கியது என்று சொல்வது பொருந்தும். ஆனால் அவ்வாறு தேய்ந்த முனை விரைவிலே கூர்விளிம்பு பெற்றுத் தட்டைக் கீறத் தொடங்கும். ஆகவே பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது அக்கால வீடுகளில் வழக்கமாயிற்று. சிறு தகரப் பெட்டிகளில் ஊசிகள் நூற்றுக் கணக்கில் விற்பனையாயின.

ஊசியின்மேல் இருந்த பாரமும் சிறிதன்று. மின்சாரம் இல்லாத கிராமபோனில் ஊசியின் அசைவே மென்றகட்டை அதிரச் செய்து, குழாய் வழியே அறை முழுவதையும் ஒலியால் நிரப்ப வேண்டும். அதற்கு வேண்டிய வலு முழுவதும் பள்ளத்தின் சுவரிலிருந்தே பெறப்பட்டது. ஒலிப்பெட்டி 100 கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு தட்டிலே அழுந்தியது. தம் தட்டுக்களை நேசித்த இரசிகர்கள் உருக்கை விட்டு மூங்கில் நாரினாலும் முள்ளினாலும் ஆன ஊசிகளை நாடினர். ஒவ்வொரு தடவையும் முனையைச் சீவிக்கொள்ளும் சிரமத்தை அவர்கள் பொருட்படுத்தவில்லை. ஒலி சற்று மங்கினாலும் தட்டு நெடுநாள் வாழும் என்பதே அவர்கள் கொள்கை.

ஊசியின் பொருளையும் பாரத்தையும் பற்றிச் சிந்தித்தோர் பலர். அது நிற்கும் கோணத்தைப் பற்றிச் சிந்தித்தோர் மிகச் சிலர். தட்டு உருவாகும்போது, வெட்டும் கருவி ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி நேர்கோட்டிலே நகர்கின்றது. ஆனால் வீட்டிலுள்ள கிராமபோனின் கையோ ஒரு முனையிலே பூட்டப்பட்டு, கதவு திறப்பது போல வில்வட்டமாக அசைகின்றது. நேர்கோட்டில் எழுதப்பட்டதை வில்வளைவில் நின்று வாசிப்பது போன்றது இது. எழுத்தும் பார்வையும் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்களில் ஒலி திரிபடைகின்றது.

இதனைக் கணித முறையாக எடுத்துரைத்தவர் பேர்சி வில்சன் என்ற ஆங்கிலேயர். அவர் தொழிலால் அரசாங்க உத்தியோகத்தர். நாவலாசிரியர் கொம்டன் மக்கென்சி 1923-இல் தொடங்கிய 'தி கிராமபோன்' என்னும் சஞ்சிகையிலே, 1924 செப்டெம்பரில், ஊசியும் தடமும் பொருந்த வேண்டிய முறை பற்றி வில்சன் கட்டுரை எழுதினார். அவர் காட்டிய வழி இரண்டு பகுதிகளை உடையது. கையைத் தட்டின் நடு அச்சைச் சற்றுத் தாண்டி நீளும்படி அமைத்தல் ஒன்று. தலைப்பகுதியை உட்புறமாகச் சாய்த்தல் மற்றொன்று. இவ்விரண்டையும் அளவறிந்து செய்தால் கோணப் பிழை பெருமளவு குறையும்.

இதன் பயனை எண்களால் எளிதில் உணரலாம். ஊசி முனைக்கும் கையின் சுழலிடத்துக்கும் இடையே 229 மில்லிமீற்றர் உள்ள கையொன்றைக் கொள்வோம். அது சாய்வின்றி நேராக அமைந்து, ஊசி நடு அச்சின்மேலே சரியாகச் செல்லுமாயின், தட்டின் வெளியோரத்தில் கோணப் பிழை 18 பாகையைத் தாண்டும். அதே கையில் ஊசி அச்சைத் தாண்டி 18 மில்லிமீற்றர் நீளவும், தலை 24 பாகை சாயவும் அமைத்தால், தட்டு முழுவதிலும் பிழை 2 பாகைக்குள் அடங்கிவிடும். அன்றியும் இரண்டு இடங்களிலே பிழை முற்றாக இல்லாது போகும்.

1925-இல் மின்முறைப் பதிவு வந்தது. அதனைத் தொடர்ந்து ஊசியின் அசைவை மின்னோட்டமாக மாற்றும் 'பிக்கப்' வந்தது. ஒலியை எழுப்பும் வேலையை இனி மின்பெருக்கி செய்யும். ஊசி செய்தி கொண்டு செல்லும் தூதுவன் மாத்திரமே. ஆகவே பாரத்தைக் குறைக்க முதன்முறையாக வழி பிறந்தது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப்புக்கள் முதலில் எழுந்தன. பின்னர், அழுத்தினால் மின்சாரம் தரும் பளிங்குகளைக் கொண்ட மலிவான பிக்கப்புக்கள் பரவின. பளிங்குகளின் அப்பண்பை 1880-இலேயே கியூரி சகோதரர் கண்டறிந்திருந்தனர். இவற்றிற் பயன்பட்ட றொச்சல் உப்புப் பளிங்கு வெப்பத்தையும் ஈரக்காற்றையும் தாங்காது.

இக்காலத்தில் வில்சன் தொடங்கிய கணக்கை இருவர் முழுமையாக்கினர். சுவீடன் தேசத்து எரிக் லொவ்கிறன் 1938-இல் ஜேர்மன் மொழிச் சஞ்சிகையொன்றில் தம் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் எச். ஜி. பெயர்வால்ட் 1941-இல் தம் ஆய்வை வெளியிட்டார். லொவ்கிறன் கண்ட நுட்பம் யாதெனில், கோணப் பிழை எங்கும் ஒரே தீங்கைச் செய்வதில்லை என்பதாகும். நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலும் தட்டின் வெளியோரம் ஊசியின் கீழ் விநாடிக்கு ஏறக்குறைய 51 சென்றிமீற்றர் வேகத்தில் ஓடும். மையத்தை அடுத்த பள்ளமோ 21 சென்றிமீற்றர் வேகத்திலேயே ஓடும். ஒரே சுரம் வெளியே நீண்ட அலையாகவும் உள்ளே குறுகிய அலையாகவும் எழுதப்பட்டிருக்கும். ஆகவே உட்புறத்தில் ஒரு பாகைப் பிழை, வெளிப்புறத்து இரண்டு பாகைப் பிழைக்கு மேலான கேட்டைத் தரும். பிழையைத் தூரத்தால் வகுத்து நிறுக்க வேண்டும் என்பதே அவர் முடிவு. இக்கணக்கின்படி, இன்று பெரிதும் பின்பற்றப்படும் பிழையற்ற இடங்கள் இரண்டும் மையத்திலிருந்து 66.0 மில்லிமீற்றரிலும் 120.9 மில்லிமீற்றரிலும் அமைகின்றன.

அரக்குத் தட்டின் இரைச்சலும் ஊசியின் கனமும் இருந்த அக்காலத்தில் இத்தகைய நுண்மையால் பெரும் பயன் விளைந்திராது. அதன் அருமை வெளிப்பட்டது 1948-இல். அவ்வாண்டு யூன் மாதம் நியூயோர்க் நகரில் கொலம்பியா நிறுவனம் வைனைல் என்னும் பொருளாலான நெடுநேரத் தட்டை அறிமுகஞ் செய்தது. பழைய தட்டின் ஊசிமுனை ஏறக்குறைய 75 மைக்குரோன் ஆரமுடையது. புதிய தட்டுக்கு 25 மைக்குரோனே போதும். வைனைலில் கல்மா இல்லை; அது மென்மையானது. தேய்ந்த ஊசியைத் தட்டு திருத்தும் காலம் முடிந்து, செப்பமாகத் தீட்டிய நீலக்கல்லும் வைரமும் ஊசியாயின. பாரம் சில கிராமாக இறங்கியது. இரைச்சல் அடங்கியமையால், அதுவரை மறைந்திருந்த திரிபு காதுக்குத் தெளிவாகக் கேட்கத் தொடங்கிற்று.

அடுத்த பெருமாற்றம் ஸ்டீரியோ எனப்படும் இருவழி ஒலி. அதன் தந்தை அலன் புளும்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். இலண்டன் ஈ.எம்.ஐ. நிறுவனத்திற் பணியாற்றிய அவர் 1931 டிசெம்பரில் இதற்கான உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பித்தார். பள்ளத்தின் இரு சுவர்களும் 45 பாகை சாய்வில் நிற்க, ஒரு சுவரில் இடப்புற ஒலியையும் மறு சுவரில் வலப்புற ஒலியையும் எழுதலாம் என்பது அவர் கண்ட வழி. எடிசனின் மேல்கீழ் அசைவும் பேர்லினரின் பக்கவாட்டு அசைவும் ஒரே பள்ளத்தில் ஒன்றுபட்டன. 1942 யூன் 7-ஆம் நாள், விமான ராடர் கருவியொன்றைச் சோதிக்கும் பறப்பின்போது விமானம் வீழ்ந்து புளும்லைன் மாண்டார். அப்போது அவருக்கு வயது 38. அவர் கண்ட முறையை 1957-இல் வெஸ்ற்றெக்ஸ் நிறுவனம் நடைமுறைக்குக் கொணர்ந்தது; 1958-இல் ஸ்டீரியோத் தட்டுக்கள் கடைகளுக்கு வந்தன.

இதனால் ஊசியின் கடமை இரட்டித்தது. முன்னிருந்து நோக்கும்போது அது செங்குத்தாக நிற்றல் வேண்டும்; சற்றே சரிந்தாலும் இடப்புற ஒலி வலப்புறத்திற் கசியும். பழைய ஒருவழிப் பிக்கப்புக்கள் பல மேலுங் கீழும் வளைந்து கொடுக்காதவை. அவற்றால் ஸ்டீரியோத் தட்டைச் சுழற்றினால் பள்ளம் சிதையும். ஊசியும் அதன் தண்டும் சுருளும் காந்தமும் அடங்கிய காட்ரிஜ் எனப்படும் சிறு பெட்டி இக்காலத்திலேதான் நுண்கலைப் பொருளாக வளர்ந்தது. டென்மார்க்கின் ஓர்ட்டோபோன் நிறுவனம் 1959-இல் எஸ்.பி.யூ. என்ற அசையும் சுருட் காட்ரிஜை வெளியிட்டது. ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் தேவைக்காக 1960-களின் தொடக்கத்தில் உருவான டெனன் டி.எல்.-103 இன்றும் செய்யப்படுகின்றது. அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் காந்தம் அசையும் முறையை வளர்த்து, 1964-இல் வி-15 என்ற காட்ரிஜை அளித்தது. இங்கிலாந்தின் எஸ்.எம்.ஈ. நிறுவனம் 1959 அளவில் வெளியிட்ட கையின் அடிப்பாகம் முன்னும் பின்னும் நகரவல்லது. வில்சன் காகிதத்திலே போட்ட கணக்கை உரிமையாளரே தம் கையால் நிறைவேற்றுதற்கு அது இடமளித்தது.

காட்ரிஜைப் பொருத்திச் செம்மை செய்யும் முறை இவ்வரலாற்றின் சுருக்கமேயாகும். ஒவ்வொரு படியிலும் முன்னோர் கண்ட ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. முதலில் சுழல்மேசை இரசமட்டத்தால் மட்டஞ் செய்யப்படுகின்றது. மேடு பள்ளமான தளத்தில் பின்வரும் கணக்கெதுவும் நில்லாது. பின்னர் கையின் பின்புறப் பாரத்தை நகர்த்தி, துலாக்கோல் போலக் கையைச் சமன் செய்து, அதன்பின் விதித்த பாரம் ஊசிக்கு அளிக்கப்படுகின்றது. பெரும்பாலான காட்ரிஜ்களுக்கு இது ஏறக்குறைய 1½ கிராம் முதல் 2½ கிராம் வரை ஆகும். இச்சிறு பாரமும் ஊசிமுனையின் மிக நுண்ணிய இடத்தில் தங்குவதால், மிகப் பெரும் அழுத்தமாகிவிடுகின்றது. பாரத்தைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. பாரம் போதாத ஊசி பள்ளத்திற் படியாது துள்ளி, மீண்டும் சுவரில் மோதும். அம்மோதலே தட்டுக்குப் பெருங்கேடு.

அடுத்து, கோடுகள் வரைந்த அளவுத் தகடொன்று தட்டின் இடத்தில் வைக்கப்படுகின்றது. பிழையற்ற இரண்டு இடங்களிலும் காட்ரிஜின் பக்கங்கள் கோடுகளுக்கு இணையாக நிற்கும்வரை, அது முன்னும் பின்னும் நகர்த்தப்பட்டுத் திருப்பப்படுகின்றது. ஓரிடத்தில் பொருந்தி மற்றோரிடத்திற் பொருந்தாதாயின் வேலை முடியவில்லை என்பதே பொருள். ஒரு மில்லிமீற்றர் வழுவினாலும் பாட்டின் இறுதிப் பகுதியில், மையத்தை அடுத்த பள்ளங்களில், குரல் கரகரக்கும். அதன்பின் கண்ணாடியொன்றின்மேல் ஊசியை வைத்து, ஊசியும் அதன் நிழலும் ஒரே நேர்கோடாகின்றனவா என்று நோக்கி, சரிவு திருத்தப்படுகின்றது.

கையின் உயரமும் கவனத்துக்குரியது. வெட்டும் கருவியின் ஊசி சற்றுச் சாய்வாகவே பள்ளத்தை அகழ்கின்றது. வாசிக்கும் ஊசியும் அச்சாய்வையே பின்பற்றல் வேண்டும். 1960-களிலே தயாரிப்பாளர் 15 பாகையைப் பொது அளவாகக் கொண்டனர். பின்னர் 20 பாகையை ஒட்டிய அளவு வழக்காயிற்று. நடைமுறையில், தட்டுக்கு இணையாகக் கையை நிறுத்தித் தொடங்கி, செவியைத் துணைக்கொண்டு சிறிது உயர்த்தியும் தாழ்த்தியும் பார்ப்பர். இறுதியாக, தலை சாய்ந்திருப்பதால் உராய்வு கையை மையத்தை நோக்கி இழுக்கும். அவ்விழுப்பை ஈடுசெய்யச் சிறு பாரமோ வில்லோ கையை வெளிப்புறமாக மெல்ல இழுக்கின்றது. இல்லையேல் பள்ளத்தின் உட்சுவர் கூடுதலாகத் தேயும். கோணப் பிழையைத் தீர்த்த சாய்வே இவ்விழுப்பைப் பிறப்பித்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு குறையை நீக்கும் வழி மற்றொரு குறைக்கு வாயிலாதல் பொறியியலில் அடிக்கடி நிகழ்வதே.

1982-இல் லேசர் ஒளியால் வாசிக்கும் குறுந்தட்டு சந்தைக்கு வந்தபோது, ஊசியின் காலம் முடிந்ததென்றே பலரும் கருதினர். ஒளி எதனையும் தேய்ப்பதில்லை. தொழிற்சாலைகள் மூடப்பட்டன, ஷூர் நிறுவனமும் 2018-இல் காட்ரிஜ் செய்வதை நிறுத்தியது. எனினும் முற்றாக மறையவில்லை இக்கலை. 2020-இல் அமெரிக்காவில் வைனைல் தட்டுக்களின் விற்பனை வருவாய், 1980-களின் பின் முதன்முறையாகக் குறுந்தட்டின் வருவாயை விஞ்சியது. இளந்தலைமுறையினர் மீண்டும் அளவுத் தகட்டையும் உருப்பெருக்கியையும் கையிலெடுத்துள்ளனர்.

ஒலிபரப்பு நிலையங்களுக்கு இஃது ஆர்வத்தின் பாற்பட்டது மட்டுமன்று. இலங்கையின் ஒலிபரப்பே இசைத்தட்டோடு பிறந்தது. 1920-களின் முற்பகுதியில், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வேட் ஹாப்பர் என்ற பொறியியலாளர், பிடிபட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவியின் உறுப்புக்களைக் கொண்டு நடத்திய பரிசோதனையில் முதலில் அலையேறியது கிராமபோன் இசையே. 1925 டிசெம்பரில் ஒழுங்கான சேவை தொடங்கியது. அன்று முதல் சேர்ந்த தட்டுக்களைப் போன்றவை உலகெங்கும் நூலகங்களில் உள்ளன. அவற்றுட் பலவற்றிற்கு மூலப் பதிவு எங்கும் இல்லை. தட்டு ஒன்றே சாட்சி. அதனை இலக்க முறைக்கு மாற்றுவோர் 78 சுற்றுத் தட்டுக்கு 25 மைக்குரோன் ஊசியை வைப்பாராயின், அது பள்ளத்தின் அடியில் தூசியைக் கிளறுமேயன்றிச் சுவரிலுள்ள இசையைத் தொடாது. அவ்வாறு பெற்ற பிரதியே பிற்காலத்தார் கேட்கும் ஒரே குரலாகிவிடக் கூடும்.

அளவு பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு லியோன் ஸ்கொட்டின் தாளே சான்று. 1860 ஏப்பிரல் 9-ஆம் நாள் அவர் கரித்தாளில் வரைந்த பாட்டொன்றை, 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் ஒளியால் வாசித்துக் கணினி வழியே ஒலிக்கச் செய்தனர். அதனைக் கேட்ட உலகம் ஒரு பெண்ணோ சிறுமியோ பாடுவதாக எண்ணி வியந்தது. மறு ஆண்டில் உண்மை புலப்பட்டது. பாட்டு இருமடங்கு வேகத்தில் ஒலித்திருந்தது. வேகத்தைத் திருத்தியபோது மெதுவாகப் பாடியது ஓர் ஆண்குரல். அது ஸ்கொட்டின் குரலே என ஆய்வாளர் கொண்டனர். தொடாமல் வாசிக்கும் கருவிக்கும் அளவு பிழைத்தால் ஆளே மாறிவிடுகின்றது. தொட்டு வாசிக்கும் ஊசியிலோ பிழையின் வடு தட்டிலேயே தங்கிவிடும். பின்னர் அதனைத் திருத்த வழியில்லை. ஆகவே மில்லிமீற்றரையும் பாகையையும் எண்ணி ஊசியைப் பொருத்துவோர் செய்வது வீண் ஆடம்பரம் அன்று. மறைந்த ஒருவர் சொன்னதை அவர் சொன்னவாறே பிறருக்கு எடுத்துரைக்கும் நேர்மை அது.